சேலம் லாரியும் சங்கத்துச் சரக்கும்

நெசவாளர் சங்கங்களின் கணக்குகளை ஆய்வு செய்யும்போது நூல் வரவு, பாவு, கூலி, ஜவுளி இருப்பு ஆகியவற்றைப் பற்றி எதைக் கேட்டாலும் காரியதரிசிகள் தயங்காமல் பதில் சொல்லிவிடுகிறார்கள். எந்த நம்பர் நூல் எத்தனை கட்டு வந்தது, அதில் சேதாரம் எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் 'லாரி வாடகை' என்ற இனத்துக்கு வந்ததும் ஒரு கட்டு ரசீதுகளை நம் பக்கம் நகர்த்திவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் இதே கதைதான். சரக்கை உண்டாக்குவது சங்கத்தின் வேலை, கொண்டுபோய்ச் சேர்ப்பது லாரிக்காரர் வேலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஓராண்டில் வாடகையாகச் செல்லும் தொகையையும், வழியில் நனைந்து, கிழிந்து, குறைந்து போகும் சரக்கின் மதிப்பையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த சங்கங்கள் மிகச் சிலவே. அக்கூட்டுத் தொகை சில இடங்களில் அங்கத்தினருக்குக் கொடுக்கும் போனஸைவிடப் பெரிதாக இருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே இம்மாதம் சேலத்தைப் பற்றி எழுத எண்ணினோம். கொங்கு நாட்டுச் சங்கங்களின் சரக்கில் பெரும்பகுதி சேலத்தின் வழியாகவோ, சேலத்தை அடுத்த ஊர்களின் லாரிகளிலோதான் வெளியே போகிறது.

நாட்டின் வரைபடத்தை விரித்துப் பார்க்கும் அன்பர்களுக்கு இதன் காரணம் விளங்கும். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. பழைய டிரைவர்கள் இன்னும் இதை 'ஏழாம் நம்பர் ரோடு' என்றே சொல்கிறார்கள். 2010ஆம் ஆண்டில் சாலைகளுக்குப் புது எண்கள் கொடுக்கப்படும் வரை அதுவே அதன் எண். சேலத்திலிருந்து சங்ககிரி, பெருந்துறை, கோயம்புத்தூர் வழியாகக் கொச்சிக்குச் செல்லும் சாலை 544. கிழக்கே ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்குப் போய்ச் சென்னைச் சாலையில் சேருவது 79. வடக்கே பெங்களூர், தெற்கே மதுரை, மேற்கே மலையாள நாடு, கிழக்கே சென்னை என்று நான்கு திசைச் சரக்கும் இங்கே வந்து கைமாறுகிறது.

சாலைகள் இருந்தால் மட்டும் லாரிகள் வந்துவிடுமா? இந்த வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழையை நம்பி வாழ முடியாத குடியானவர் பலர் நிலத்தின் மேல் கடன் வாங்கியும், நகையை விற்றும் ஒரு லாரி வாங்கினார்கள். தந்தை உரிமையாளர், மகன் டிரைவர், மைத்துனன் கிளீனர் என்று குடும்பத் தொழிலாக அது வளர்ந்தது. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. சமையல் எரிவாயு ஏற்றும் டாங்கர் லாரிகளுக்கும் அவ்வூரே தென்னாட்டின் தலைமையிடம். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் வடநாட்டின் மூலை முடுக்கெல்லாம் போகின்றன. சங்ககிரியில் ஏறக்குறைய வீட்டுக்கு வீடு லாரித் தொழிலோடு ஏதோ ஒரு சம்பந்தம் உண்டு. தறி ஓடாத காலத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் இத்தொழிலுக்குப் போயிருக்கிறார்கள் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி லாரிக்கு லோடு எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். வாடகையின் சூட்சுமம் முழுதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் புக்கிங் ஆபீசுகளைக் காணலாம். ஒரு மேஜை, இரண்டு மூன்று தொலைபேசிகள், சுவரில் ஊர்ப் பெயர்கள். ஜவ்வரிசி வியாபாரி ஒருவர் 'மும்பைக்கு ஒரு லோடு' என்று சொல்கிறார். அந்தத் திசையில் போக எந்த வண்டி தயாராக நிற்கிறது என்பது புரோக்கருக்குத் தெரியும். இரு பக்கமும் பேசி, டன்னுக்கு இவ்வளவு என்று முடிவு செய்து, தம் கமிஷனை எடுத்துக்கொள்கிறார். வாடகையில் பெரும்பகுதி முன்பணமாக டீசலுக்கும், சுங்கத்துக்கும், டிரைவர் பேட்டாவுக்கும் போய்விடுகிறது. சரக்கைச் சேர்த்து, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு ரசீது திரும்பிய பிறகே பாக்கி கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சேலத்திலிருந்து மும்பைக்கு எத்தனை மைல் என்பது மட்டும் வாடகையைத் தீர்மானிப்பதில்லை. அங்கிருந்து திரும்பி வர என்ன கிடைக்கும் என்பதே தீர்மானிக்கிறது. இதற்கு 'ரிட்டர்ன் லோடு' என்று பெயர். மகாராஷ்டிரத்தில் விரத நாட்களில் ஜவ்வரிசிப் பலகாரமே ஆகாரம். ஆதலால் சேலத்து ஜவ்வரிசிக்கு அங்கே எப்போதும் கிராக்கி. அங்கிருந்து நமக்கு வெங்காயம் வருகிறது. போகவும் லோடு, வரவும் லோடு என்றால் உரிமையாளர் நியாயமான வாடகைக்கு இசைகிறார். திரும்பி வரச் சரக்கில்லாத ஊருக்குப் போகச் சொன்னால், காலியாகத் திரும்பும் டீசலையும் நம் தலையிலேயே வைத்துக் கேட்பார். அதைக் குறை சொல்ல முடியாது. 'அதே தூரத்துக்குப் போன மாதம் இவ்வளவு, இம்மாதம் இவ்வளவா?' என்று கோபித்துக்கொள்ளும் காரியதரிசிகள், அந்த ஊரில் இப்போது என்ன அறுவடை, என்ன சரக்கு கிளம்புகிறது என்று ஒரு வார்த்தை விசாரித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். மாம்பழக் காலத்திலும் தீபாவளிக்கு முன்பும் சேலத்தில் லாரிக்குத் தட்டுப்பாடு. அப்போது வாடகை ஏறத்தான் செய்யும். போர்வையோ மஞ்சளோ பத்து நாள் முன்பின் ஆனால் கெட்டுப்போவதில்லை. அவற்றை மாம்பழத்தோடு போட்டி போட்டு அனுப்புவது வீண் செலவு.

மேலே சொன்னது முழு லோடு. நம் சங்கங்களில் பலவற்றுக்கு முழு லோடு சேருவதில்லை. பதினைந்து பேல் துணி, இருபது மூட்டை மஞ்சள் என்று சில்லறையாகத்தான் அனுப்புகிறோம். அப்போது பார்சல் கம்பெனிகளை நாட வேண்டியிருக்கிறது. இளம்பிள்ளையிலும் சென்னிமலையிலும் பவானியிலும் ஏற்றிய சில்லறைச் சரக்குகள் சிறு வண்டிகளில் சேலத்துக் கிடங்குக்கு வருகின்றன. அங்கே இரவில் ஊர்வாரியாகப் பிரித்துப் பெரிய லாரிகளில் ஏற்றுகிறார்கள். கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏறும். கனமானது அடியில், இலேசானது மேலே. அவசரத்தில் இந்த முறை தவறுவதும் உண்டு. வெள்ளை வேட்டிப் பேலை மஞ்சள் மூட்டைக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெய் டின்னை அடுத்து ஜமக்காளக் கட்டை வைத்தாலும் அதே கதி. சாக்கைச் சுற்றித் தைத்தால் போதும் என்று எண்ணாமல், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டு, எல்லாப் பக்கங்களிலும் சங்கத்தின் பெயரும், சேர வேண்டிய ஊரும், 'இத்தனையில் இத்தனையாவது பேல்' என்ற எண்ணும் அழியாத மையால் எழுதும் சங்கங்களின் சரக்கு அதிகம் தவறிப்போவதில்லை. எண் எழுதாத பேல் ஒன்று கிடங்கு மூலையில் மாதக்கணக்கில் கிடந்ததை நாமே பார்த்திருக்கிறோம். அதற்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை, எங்கே அனுப்புவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

பெயர் சொல்லாமல் ஒரு சங்கத்தின் அனுபவத்தை இங்கே எழுதுகிறோம். அச்சங்கம் இருபத்திரண்டு பேல் படுக்கை விரிப்புகளை வடநாட்டு வியாபாரி ஒருவருக்கு அனுப்பியது. வழியில் மழை. தார்ப்பாய் கிழிந்திருந்ததால் ஏழு பேல்கள் நனைந்து, சாயம் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வியாபாரி அவற்றின் விலையைப் பிடித்துக்கொண்டு பாக்கியை அனுப்பினார். சங்கம் லாரிக் கம்பெனிக்குத் தொலைபேசியில் சொன்னது. 'பார்க்கிறோம்' என்றார்கள். பிறகு 'தலைமை ஆபீசுக்கு எழுதியிருக்கிறோம்' என்றார்கள். பிறகு மானேஜர் மாறிவிட்டார். நிர்வாகக் குழுவில் விஷயம் வந்து, தீர்மானம் போட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியபோது சரக்கு புக் செய்து ஏழு மாதம் ஆகிவிட்டது. கம்பெனியின் பதில் நான்கு வரிதான்: காலம் கடந்துவிட்டது. கோப்பை முழுதும் படித்துப் பார்த்தோம். சட்டப்படி அவர்கள் சொன்னது சரியே. ஏழு பேல் விரிப்புகளையும் நெய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்று. நஷ்டம் சங்கத்தின் கணக்கில் ஏறியது.

இந்தச் சட்டத்தை நம் சங்கங்கள் அறிந்திருப்பது அவசியம். வெள்ளையர் காலத்து 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நீண்ட நாள் அமலில் இருந்தது. அதன்படி, நஷ்டம் நமக்குத் தெரிய வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் போதும். 2007ஆம் ஆண்டில் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 மார்ச் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. பழைய சட்டம் ரத்தாயிற்று. புதிய சட்டப்படி 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நாட்களைச் சரக்கு புக் செய்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். நஷ்டம் நமக்கு எப்போது தெரிந்தது என்பது இப்போது கணக்கில் இல்லை. நோட்டீஸ் இல்லாமல் வழக்கே போட முடியாது. தொலைபேசிப் பேச்சும், ஆபீசில் நேரில் போய்ச் சொன்னதும் எழுத்து ஆகமாட்டா.

அடுத்தது மதிப்பைப் பற்றிய விஷயம். சரக்கை ஒப்படைக்கும்போது நாம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் சரக்கின் விவரமும் மதிப்பும் இருக்க வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டு கம்பெனி ரசீது கொடுக்க வேண்டும். அதன் அசல் பிரதி அனுப்புகிறவருக்கு உரியது. நடைமுறையில் என்ன நடக்கிறது? லோடு ஏற்ற வந்தவர் அச்சடித்த தாளை நீட்டுகிறார். குமாஸ்தா கையெழுத்துப் போடுகிறார். மதிப்புக் கட்டம் காலியாக இருக்கிறது, அல்லது பில்லுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு தொகை எழுதப்படுகிறது. 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, கூடுதல் பொறுப்புக்கான உயர்ந்த வாடகைக்கு நாம் ஒப்புக்கொள்ளாத வரையில், கம்பெனி கொடுக்க வேண்டிய நஷ்டஈடு சாதாரணமாக வாடகையில் பத்து மடங்குக்கு மேல் போகாது. நாம் எழுதிய மதிப்பையும் தாண்டாது. உதாரணமாக, 4,00,000 ரூபாய் மதிப்புள்ள துணிக்கு வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு முழுதும் போனாலும் 60,000 ரூபாய்தான். மீதி 3,40,000 ரூபாய் சங்கத்தின் தலையில். சீட்டில் மதிப்பு 20,000 என்று அலட்சியமாக எழுதியிருந்தால் அந்த 20,000தான்.

சட்டத்தில் நமக்கு அனுகூலமும் இருக்கிறது. சரக்கு தொலைந்தது கம்பெனியின் கவனக்குறைவால்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. ஒப்படைத்த சரக்கு சேரவில்லை என்பதைக் காட்டினால் போதும். அதைக் காட்ட நம் கையில் இருப்பது அந்த ரசீது ஒன்றே. ஆதலால் அசல் ரசீதை வியாபாரிக்கு அனுப்புமுன் ஒரு நகல் எடுத்துத் தேதிவாரியாகக் கோப்பில் வைப்பது, தறிக்கணக்கு எழுதுவதைப் போன்ற அன்றாட வேலையாக வேண்டும்.

இந்த ஏற்பாடுகளோடு வழிப் பிரயாணத்துக்கு இன்ஷூரன்ஸும் செய்துகொள்வது நல்லது. இதற்கு இன்ஷூரன்ஸ்காரர் சொல்லும் பெயர் 'மரைன்' பாலிசி. கடலுக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சங்கத் தலைவர் நம்மைக் கேட்டார். கப்பல் காலத்துப் பெயர் லாரிக்கும் ஒட்டிக்கொண்டது என்று சொன்னோம். ஒவ்வொரு முறையும் தனியாக எடுக்காமல் ஆண்டுக்கு ஒரே பாலிசியாக எடுக்கலாம். பாலிசி இருந்தாலும் 180 நாள் நோட்டீஸை மறக்கக் கூடாது. கம்பெனியிடம் வசூலிக்கும் உரிமையை நாம் கெடுத்துவிட்டால், இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் அதனால் தகராறு வரலாம்.

வரி விஷயத்தை இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிடுகிறோம். 2017ல் சரக்கு சேவை வரி வந்த பிறகு லாரி வாடகைக்கும் வரி உண்டு. லாரிக் கம்பெனி தானே வரி விதிக்காவிட்டால், வாடகை கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் 5 சதவீதத்தை நேரே செலுத்த வேண்டும். விளைபொருளுக்கு விலக்கு உண்டு. நெய்த துணிக்கு இல்லை. சிறு வாடகைகளுக்கு முன்பு இருந்த விலக்கு 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டதைப் பல சங்கங்கள் இன்னும் கவனிக்கவில்லை. சரக்கோடு போக வேண்டிய இ-வே பில், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய் மதிப்புக்கு மேலும், நம் மாநிலத்துக்குள் 1,00,000 ரூபாய்க்கு மேலும் தேவை. அதன் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி வழியில் பழுதாகி நின்றால் காலத்தை நீட்டிக்க வேண்டும். டிரைவரின் கைப்பேசி எண்ணைக் குமாஸ்தா வாங்கி வைத்திருந்தால்தான் அது முடியும்.

வாடகையைக் குறைக்க என்ன வழி என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. ஒரே பிர்க்காவில் மூன்று சங்கங்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே வாரத்தில், ஒரே நகரத்துக்கு, வெவ்வேறு பார்சல் கம்பெனிகளில் சில்லறையாகச் சரக்கு அனுப்புகின்றன. மூன்றையும் சேர்த்தால் ஒரு சிறு லாரிக்கு முழு லோடு ஆகிவிடும். கிடங்கில் இறக்கி ஏற்றும் வேலை இல்லை. மஞ்சள் மூட்டைக்கு அடியில் போகும் பயமில்லை. நேரே சென்று சேரும். சில்லறைச் சரக்கைச் சேர்த்து முழு லோடாக்குவதில்தான் பார்சல் கம்பெனிகளின் லாபமே இருக்கிறது. நூல் கொள்முதலுக்கு ஒன்று கூடிய சங்கங்கள் லாரிக்கு ஒன்று கூட ஏன் தயங்குகின்றன என்பது நமக்கு விளங்கவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சங்கத்தின் சரக்கு செவ்வாய்க்கிழமை தயார், இன்னொன்றுக்கு வெள்ளிக்கிழமை ஆகிறது. 'அவர்களுக்காக நாங்கள் ஏன் காத்திருப்பது?' என்ற பேச்சு எழுகிறது. யார் பெயரில் ரசீது, நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழுகிறது. ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி ரசீது, தனி இ-வே பில் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது கேள்வி தீர்ந்துவிடும். முதலாவதற்கு, மாதத்தில் இரண்டு தேதிகளை நிச்சயம் செய்துகொண்டு, அன்று தயாரானது போகும், ஆகாதது அடுத்த முறை என்று கண்டிப்பாக இருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வியாபாரிகளுக்கும் இன்ன தேதியில் சரக்கு கிளம்பும் என்று உறுதியாகச் சொல்ல முடிவதால் இதில் அவர்களுக்கும் திருப்தியே.

சேர்த்து அனுப்புகிறோம் என்று அளவுக்கு மீறி ஏற்றச் சொல்வது கூடாது. 2018ல் லாரிகளின் மொத்த எடை வரம்பை அரசாங்கம் உயர்த்தியது. மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 டன் ஆயிற்று. லாரியின் சொந்த எடையும் இதில் அடக்கம் என்பதை மறந்து கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. 2019ல் அபராதமும் கடுமையாக்கப்பட்டது: வரம்பை மீறினால் 20,000 ரூபாய், அதற்கு மேல் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகை எடையை இறக்கும் வரை வண்டியை நகரவிடமாட்டார்கள். இறக்கி வைக்கும் இடம் நடுச்சாலை. இறக்கப்படுவது பெரும்பாலும் மேலே இருக்கும் இலேசான சரக்கு, அதாவது நம் துணி.

டிரைவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. லோடு ஏற்ற வந்த லாரியைப் பேல் தைக்கவில்லை என்று அரை நாள் நிறுத்திவைப்பது நம் சங்கங்களில் சகஜமாக இருக்கிறது. அந்த அரை நாளை ஈடுகட்ட டிரைவர் இரவெல்லாம் ஓட்டுகிறார். பெங்களூர்ச் சாலையில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன் வண்டிகளில் மோதிய லாரிகளைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. இரண்டு ரூபாய் டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு இறங்குவதும், தூக்கமில்லாத கண்களும் அங்கே சேர்ந்துகொள்கின்றன. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்தது; நாம் கண்ட அளவில் நெடுந்தூர லாரிகளில் அது ஏட்டோடு நின்றது. சங்கத்தால் அதைத் திருத்த முடியாது. சரக்கைத் தைத்து, எண்ணெழுதி, எடை போட்டு வைத்துவிட்டு லாரியை வரச் சொல்ல முடியும். அப்படிச் செய்யும் சங்கங்களுக்குக் காத்திருப்புக் கட்டணமும் மிச்சமாகிறது.

கடைசியாக, தேதியைப் பற்றி மீண்டும் ஒரு குறிப்பு. நம் சங்கங்களில் தீபாவளிச் சரக்கே ஆண்டின் பெரிய சரக்கு. செப்டம்பர் 15ஆம் தேதி புக் செய்த பேலுக்குச் சாதாரண ஆண்டில் மார்ச் 14ஆம் தேதியோடு 180 நாள் முடிகிறது. நம் கணக்காண்டு முடிவதோ மார்ச் 31. இருப்பெடுத்து, வியாபாரிகளின் பாக்கியைச் சரிபார்த்து, 'இந்த மூன்று பேலுக்குப் பணம் ஏன் வரவில்லை?' என்று ஏப்ரலில் கேட்கும்போது நோட்டீஸ் கொடுக்கும் காலம் முடிந்திருக்கும். ஆகவே புக்கிங் ரசீது நகல்களையும் வியாபாரிகளின் வரவையும் பிப்ரவரி மாதத்திலேயே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நாம் ஆய்வுக்கு வரும்போது அந்த ஒப்பீட்டுத் தாளை முதலில் கேட்போம்.